பதிவுத் துறையின் வில்லங்கச் சான்றும் பத்திர நகலும்: குடும்ப வரலாறு தேடுவோருக்கான ஒரு மதிப்பீடு

தமிழ்நாடு பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளம், மனை வாங்குவோரையும் அடமானத்தின்பேரில் கடன் கொடுக்கும் வங்கிகளையும் அவர்களுக்காகப் பத்திரம் பார்க்கும் வழக்கறிஞர்களையும் மனத்தில் வைத்து 2018 இல் இப்போதைய வடிவத்துக்கு வந்த சேவை. அதை இங்கே வேறொரு தேவைக்காக எடைபோடுகிறேன். பாட்டனாரின் பெயருக்கு மேல் எதுவும் தெரியாத ஒரு குடும்பம், தன் முன்னோர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எப்போது பாகம் பிரிந்தார்கள், யாருக்கு யார் பங்காளி என்பதையெல்லாம் எழுத்து ஆதாரத்தோடு அறிய இந்தச் சேவை எவ்வளவு தூரம் உதவும் என்பதே என் கேள்வி. காவிரிப் பாசன ஊர்களில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த நிலங்களின் ஆவணங்களைத் தேடி எடுத்துப் படித்த பழக்கத்தில் சொல்கிறேன்: ஒரு நிலத்தின்மேல் பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடுபவருக்கு இது ஒரு பெயர்ப் பட்டியல் மட்டுமே. பத்திரத்தின் முழு நகலை வாங்கிப் படிப்பவருக்கோ, நிலம் வைத்திருந்த ஒரு சாதாரணக் குடும்பத்தைப் பற்றி இந்த மண்ணில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த எழுத்துச் சான்று இது. 1969 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தைய பிறப்பு, இறப்புப் பதிவுகள் பல கிராமங்களில் முழுமையாகக் கிடைப்பதில்லை. பத்திரப் பதிவோ சென்னை மாகாணத்தில் 1864 முதல் தொடர்ந்து நடந்துவருகிறது.

இணையதளத்தில் கணக்குத் தொடங்கி உள்நுழைந்தால் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் அந்த நிலத்தின்மேல் பதிவான ஆவணங்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண்ணும் ஆண்டும், எழுதிக்கொடுத்த நாளும் பதிவான நாளும், ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர் பெயர், எழுதி வாங்கியவர் பெயர், கைமாற்றுத் தொகை, தொகுதி எண், பக்க எண் ஆகியவை இருக்கும். மனை வாங்குபவர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு கட்டம்தான் நமக்கு முக்கியமானது. அது முந்தைய ஆவண எண். 1980களில் பதிவான ஒரு கிரயப் பத்திரம், விற்றவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்பதைச் சொல்லும்போது 1950களின் பாகப்பிரிவினையைக் குறிப்பிடும். அந்தப் பாகப்பிரிவினையின் உள்ளே 1920களின் கிரயம் ஒன்றின் எண் இருக்கும். இப்படிப் பின்னோக்கி ஏறுவதே இந்தத் தேடலின் அடிப்படை முறை.

இந்த முறையைத் தெரிந்துகொள்வது ஏன் அவசியம் என்றால், இணையத்தில் பார்வையிடக்கூடிய வில்லங்க விவரம் பொதுவாக 1975 முதல்தான் தொடங்குகிறது. மனை வாங்குபவருக்கு அது போதும். நமக்கு அது வாசற்படி. அதற்கு முந்தையவற்றுக்கு விண்ணப்பம் கொடுத்து, அலுவலகத்தில் பழைய அட்டவணைப் புத்தகங்களைக் கையால் புரட்டித் தேடச் சொல்ல வேண்டும். ஆனால் பழைய ஆவணத்தின் எண், ஆண்டு, அலுவலகம் ஆகிய மூன்றும் ஒரு பிந்தைய பத்திரத்திலிருந்தோ வீட்டுப் பெட்டியில் கிடக்கும் காகிதத்திலிருந்தோ தெரிந்துவிட்டால், வில்லங்கத் தேடலே இல்லாமல் நேராகச் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். பொழுதும் பணமும் மிச்சமாவது இந்த வழியில்தான். எந்த அலுவலகம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். புதிய சார்பதிவாளர் அலுவலகங்கள் பிரிக்கப்பட்டபோது கிராமங்கள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கின்றன. ஊர் இப்போது சேர்ந்திருக்கும் அலுவலகத்தில் இல்லாத பழைய தொகுதி, அது முன்பு சேர்ந்திருந்த அலுவலகத்தில் இருக்கக்கூடும்.

பதிவு அலுவலகங்கள் இரண்டு வகை அட்டவணைகளைப் பராமரித்துவந்திருக்கின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. அசையாச் சொத்து ஆவணங்கள் நகலெடுக்கப்படுவது 1 ஆம் புத்தகத்தில். அதற்கான முதல் அட்டவணை ஆட்களின் பெயர்வாரியானது. இரண்டாவது அட்டவணை சொத்துவாரியானது. இணையதளம் சொத்துவாரித் தேடலைத்தான் பொதுமக்களுக்குத் தருகிறது. குடும்ப வரலாறு தேடுபவருக்கோ நிலம் தெரியாது, பெயர்தான் தெரியும். ஆகவே அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது பெயர் அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கேட்பது நல்லது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் குடும்பங்களில் பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது வழக்கம் என்பதால், கோவிந்தசாமி மகன் இராமசாமியும் இராமசாமி மகன் கோவிந்தசாமியும் ஒரே அட்டவணையில் தலைமுறை தலைமுறையாக மாறி மாறி வருவார்கள். பெயரையும் தகப்பனார் பெயரையும் மட்டும் நம்பினால் பாட்டனும் பேரனும் ஒருவராகிவிடுவார்கள். ஆண்டு, ஊர், எல்லைக்காரர், சாட்சி ஆகியவற்றில் குறைந்தது இரண்டாவது பொருந்திய பிறகே ஒருவரை வம்சாவளியில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, நகல் கைக்கு வந்த பிறகு என்ன கிடைக்கிறது? முதலில், ஆளை அடையாளம் காட்டும் பகுதி. 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தில் வரும் ஒருவரை எப்படிக் குறிக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது: வசிக்கும் ஊர், தொழில், பட்டம், இந்தியராயின் தகப்பனார் பெயர், தாயின் பெயரைச் சொல்லியே வழங்கப்படுகிறவராயின் தாயின் பெயர். சாதியைக் குறிக்கும் சொற்கள் 1956 இல்தான் அந்த வரையறையிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே அதற்கு முந்தைய பத்திரங்களில் சாதி, தொழில், குடியிருப்பு மூன்றும் எழுதியிருக்கும். வேறு ஊரில் குடியிருந்துகொண்டு இந்த ஊர் நிலத்தை விற்கும் ஒருவரின் பத்திரமே, ஒரு கிளை எப்போது ஊரை விட்டுப் போனது என்பதற்கு முதல் ஆதாரமாக அமையும். பர்மாவுக்கோ மலாயாவுக்கோ போனவர்கள் ஊரில் இருந்த தம்பிக்கோ மைத்துனருக்கோ அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பியிருந்தால், அந்த அதிகாரத்தைக் கொண்டு எழுதப்பட்ட கிரயத்தில் அவர்கள் அப்போது இருந்த நகரத்தின் பெயர் வந்துவிடும். கப்பலேறியவர் என்ற ஒற்றைச் செய்தியோடு நின்றுபோன குடும்பக் கதைகள் பலவற்றுக்கு இது தொடர்ச்சி கொடுக்கும்.

அடுத்தது, விற்பதற்கான காரணம் சொல்லும் பகுதி. பழைய பத்திரங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். கூட்டுக்குடும்பச் சொத்தை அதன் தலைவரான கர்த்தா விற்றாலும், கணவன்வழி வந்த நிலத்தைக் கைம்பெண் விற்றாலும், குடும்பத்தின் அவசியத்துக்காகவே விற்றார் என்று காட்ட வேண்டிய நிலை அன்றைய இந்து சட்டத்தில் இருந்தது. அதனால் வாங்குபவர் தம் பாதுகாப்புக்காகக் காரணங்களை விவரமாக எழுதச் சொல்வார். காலஞ்சென்ற புருஷன் பெற்ற பிராமிசரி நோட்டுக் கடன், மூத்த குமாரத்தியின் விவாகச் செலவு, சர்க்கார் கிஸ்திப் பாக்கி, உத்தரகிரியைச் செலவு என்று ஒவ்வொன்றுக்கும் தொகையோடு வரும் அந்தப் பத்தியில், வேறெங்கும் பதிவாகாத ஒரு மரணமும் ஒரு கல்யாணமும் ஏறக்குறைய ஆண்டோடு நமக்குக் கிடைத்துவிடுகின்றன. சில சமயம் சொத்துக்குப் பின்னுரிமை கோரக்கூடிய தூரத்துப் பங்காளிகளையும் சம்மதித்ததாகக் கையெழுத்திட வைத்திருப்பார்கள். குடும்ப மரத்தின் மறந்துபோன கிளைகள் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வரும். இருந்தாலும், அந்தக் காரணங்களை எழுதியவர் குடும்பத்தார் அல்லர், பத்திர எழுத்தர் என்பதை மறக்கக்கூடாது. சட்டம் கேட்டதற்காக வழக்கமான வாசகங்களைப் போட்டிருக்கவும் கூடும். தொகையும் கடன்காரர் பெயரும் குறிப்பாக எழுதியிருக்கும் காரணத்தை நம்பலாம். குடும்ப அவசியச் செலவு என்று பொதுவாக எழுதியிருப்பதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்துவிட்டால் அது தனிப் பேறு. பங்குதாரர் அனைவரும் உறவுமுறையோடு வரிசையாக வருவார்கள். மைனர் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குக் கார்டியனாகத் தாயாரோ தகப்பனாரோ கையெழுத்திடுவார்கள். மைனரின் வயது எழுதப்பட்டிருந்தால் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுவிடலாம். நஞ்சை, புஞ்சை, வீடு, கொல்லை, மாட்டுக் கொட்டகை, களம், வெண்கலப் பாத்திரங்கள், குடும்பக் கடன்கள், கோயில் கட்டளைப் பொறுப்பு, கைம்பெண்ணாக இருக்கும் பெரியம்மாவுக்கு ஆண்டுக்கு இத்தனை கலம் நெல் ஜீவனாம்சம் என்று ஒரு வீட்டின் முழு வாழ்க்கையும் அதில் அடங்கியிருக்கும். பெண்களின் பெயர்கள் கிடைப்பதும் இத்தகைய ஆவணங்களில்தான். வம்சாவளி சொல்லும் பெரியவர்கள் ஆண்வழியை மட்டும் சொல்லிப் பழகியவர்கள். இன்னாருக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள் என்பதற்கு மேல் பெயர் சொல்லமாட்டார்கள். மகளுக்கு மஞ்சள்காணியாகக் கொடுத்த நிலத்தின் தானப் பத்திரமும், உடன்பிறந்தாள் தன் பங்குரிமையை விட்டுக்கொடுத்து அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரமும், இன்னாருடைய பாரியாள், இன்னார் குமாரத்தி என்ற குறிப்புகளோடு அந்தப் பெயர்களை மீட்டுத் தருகின்றன. கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கில் உரிமை தந்த 1937 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும், மகளையும் தந்தையின் வாரிசாக்கிய 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கும் பின்னர், பெண்கள் கையெழுத்திடும் ஆவணங்கள் கூடுவதைத் தொகுதிகளைப் புரட்டும்போதே உணரலாம்.

நான்கு எல்லைகளைச் சொல்லும் சக்குபந்தி விபரத்தை அவசரமாகக் கடந்துபோகக் கூடாது. வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் பாகம் என்று வரும் பெயர்களில் பாதி பங்காளிகளாக இருப்பார்கள். ஏனென்றால் ஒரே நிலத்தைத் துண்டாக்கித்தான் பாகம் பிரித்திருப்பார்கள். பக்கத்து நிலத்துக்காரரின் பத்திரத்தையும் நகல் வாங்கிப் பாருங்கள். இரண்டு பத்திரங்களும் ஒரே முன்பத்திரத்தைக் குறிப்பிட்டால், இரு குடும்பங்களும் ஒரே பாட்டனிடம் போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். இதற்குத் துணையாக வருவாய்த் துறையின் இணையச் சேவை இருக்கிறது. அதில் பட்டா, ஊரின் நிலங்களைப் புல எண்வாரியாகப் பட்டியலிடும் அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைப் பார்க்கலாம். அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கென்று ஒரு கட்டம் உண்டு. 1979 இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகளும் எண்களும் மாறிய ஊர்களில், இந்தக் கட்டத்தைப் பார்க்காமல் பழைய பத்திரத்தையும் இன்றைய நிலத்தையும் இணைக்க முடியாது. பதிவுத் துறைத் தளத்தையும் இதையும் அடுத்தடுத்துத் திறந்துவைத்து வேலைசெய்வதுதான் வசதி.

படிப்பதற்குப் பயிற்சி வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா போன்றவற்றின் வடிவங்கள், நாளுக்கும் மாதத்துக்கும் வருஷத்துக்கும் ரூபாய்க்கும் மேற்படிக்கும் தனிக் குறிகள், தமிழ் எண்கள், அரைக்கால், வீசம், காணி, முந்திரி என்று இறங்கும் பின்னங்கள் ஆகியவை கூட்டெழுத்தில் ஓடும். அளவுகள் வேலி, மா, குழி என்று வரும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஒரு மா ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆண்டைக் கணிக்கும்போது, வருவாய்க் கணக்குக்கான ஆண்டாகிய பசலியோடு 590 ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், பரிதாபி வருஷம் தை மாதம் என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1853 ஆகவும் இருக்கலாம், 1913 ஆகவும் இருக்கலாம். அருகில் பசலி 1322 என்று இருந்தால் 1913 என்று உறுதிசெய்யலாம். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய தொகுதியில் இருப்பது எழுத்தர் கையால் பார்த்து எழுதிய படி. உங்கள் பூட்டனாரின் கையெழுத்து அதில் இருக்காது. அவர் பெயரை எழுத்தர் எழுதியிருப்பார். மூலப் பத்திரம் சொத்தை வாங்கியவர் வீட்டில் இருக்கும், அல்லது அவரிடமிருந்து வாங்கியவர் வீட்டில் இருக்கும். ஆகவே பத்திரங்களை வைத்திருக்கும் ஊர்க்காரர்களிடம் மரியாதையோடு கேட்டுப் பார்ப்பதும் இந்த ஆய்வின் ஒரு பகுதியே.

இந்த ஆவணங்கள் சொல்லாதவற்றையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்ட குடும்பம் எந்தப் பத்திரமும் விட்டுச் சென்றிருக்காது. 100 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள நிலத்தைப் பத்திரமில்லாமல் நேரடியாக ஒப்படைத்தே விற்கச் சொத்து மாற்றுச் சட்டம் இடம் தந்திருந்தது. அந்தக் காலத்தில் 100 ரூபாய்க்குள் கைமாறிய நிலங்கள் ஏராளம். இவற்றைவிடப் பெரிய இடைவெளி, நிலமே இல்லாதிருந்தவர்களுடையது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் உழைத்த பண்ணையாட்களின் பெயர்கள் கிரயப் பத்திரங்களில் வருவது அரிது. அவர்களுடைய வழிவந்தோர் பதிவு அலுவலகத்துக்குப் போவதைவிட, 1892 அரசாணைக்குப் பின் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் ஒப்படைப் பதிவுகளையும், 1969 ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி உண்டான குத்தகைதாரர் பதிவேட்டையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்பது பயன் தரும். வரி நீக்கியோ குறைத்தோ மானியமாக விடப்பட்ட இனாம் கிராமங்களைச் சேர்ந்தவர்களுக்கு எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் இனாம் பதிவேடுகள் உண்டு. 1858 இல் அமைந்த இனாம் ஆணையத்தின் விசாரணையில் உருவான அவற்றில், இனாமை அப்போது அனுபவித்தவர் யார், அது அவருக்கு யார் வழியாக வந்தது என்பது பதிவாகியிருப்பதால், பதிவுத் துறை தொடங்குவதற்கு முந்தைய தலைமுறைகளுக்குப் போக அதுவே சரியான வழி.

யார் கேட்டாலும் நகல் கொடுப்பார்களா என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. பதிவுச் சட்டத்தின் 57 ஆவது பிரிவின்படி 1 ஆம் புத்தகமும் அதன் அட்டவணையும் கட்டணம் செலுத்தும் எவரும் பார்வையிடத் திறந்தவை. நகலும் எவருக்கும் கிடைக்கும். உயில்கள் அடங்கிய 3 ஆம் புத்தகத்தின் நகலை, உயில் எழுதியவர் காலமான பின் எவரும் கேட்கலாம். அசையாச் சொத்தைச் சாராத பிற ஆவணங்கள் அடங்கிய 4 ஆம் புத்தகத்தில் இருப்பவை மட்டும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கும் உரியவை. அலுவலகத்தில் இதை விளக்கத் தேவை ஏற்படலாம். குடும்ப வரலாறு எழுதுவதற்காக 1930களின் பத்திரம் கேட்டபோது, எந்தச் சொத்தை வாங்கப்போகிறீர்கள் என்று ஓர் அலுவலகத்தில் என்னிடம் கேட்டார்கள்; பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்ததும் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். முகூர்த்த நாட்களில் பதிவுக் கூட்டம் மிகும் என்பதால் பழைய தொகுதி கேட்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது இரு தரப்புக்கும் நல்லது.

விண்ணப்பத்தில் ஒரு வரியைச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்: பத்திரத்தின் வாசகத்தோடு, பதிவு அலுவலரின் மேலெழுத்துகளும் முழுமையாக வேண்டும். எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொண்டவர், பணம் பெற்றுக்கொண்டவர், அவரை அடையாளம் காட்டிய இருவர் ஆகியோரின் பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் அங்கேதான் இருக்கும். அடையாளம் காட்ட வந்தவர்கள் பெரும்பாலும் மைத்துனரோ மாமனாரோ பக்கத்து வீட்டுக்காரரோ ஆவர். பெண் எடுத்த ஊர் எது என்ற கேள்விக்கு அந்த இரண்டு வரிகளில் பதில் கிடைத்த குடும்பங்களை நான் அறிவேன்.

பதிவுத் துறையிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. 1975க்கு முந்தைய தொகுதிகள் அனைத்தையும் கணினியில் ஏற்றுவது பெரும் பணி. ஆனால் பெயர்வாரியான முதல் அட்டவணைகள் அளவில் அவற்றைவிட மிகச் சிறியவை. அவற்றை மட்டுமாவது முதலில் படமெடுத்து, அலுவலகவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் பக்கம் புரட்டிப் பார்க்கும் வகையில் இணையத்தில் வைத்தால், எழுத்துணரி மென்பொருள் எதுவும் இல்லாமலேயே அவரவர் ஊர்ப் பெயர்களை அவரவரே தேடிக்கொள்வார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் ஒடிந்துகொண்டிருக்கும் அந்தத் தாள்களை ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எடுத்துப் புரட்ட வேண்டிய வேலை குறையும்.